மூன்று பேர் உறுதி செய்த பழுது

என் அண்ணனுக்கு வாய் திறப்பதற்கு முன்பே கை நீண்டுவிடும். எனக்கு வாய்தான் நீளும். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தால் என்ன நடக்கும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எங்கள் பட்டறைக்கு ஒரு நாள் வரலாம். முதுகைச் சுவரோடு ஒட்டி உட்கார்ந்துகொள்வது நல்லது.

பட்டறை என்றால் பழைய கம்ப்யூட்டர் பட்டறை. பெரிய அலுவலகங்கள் கழித்துக்கட்டும் பெட்டிகளை லாரியில் அள்ளி வந்து, உள்ளே இருப்பதை அழித்து, இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு விற்கிறோம். யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பத்துப் பேருக்குக் கொடுக்கலாம் என்ற வகை இயங்குதளம். அம்மா பிரஷ்ஷால் தூசி தட்டுவாள். அண்ணி ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னை வைத்து, ஆடிப்போன ஒயர் ஜாக்குகளைப் பற்றவைப்பாள். நான் சவுண்ட் கார்டுகளைப் பார்ப்பேன். அண்ணன் எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொள்வான். வந்துபோகிறவர்கள் அவனுக்கு வைத்த பெயர் சுத்தியல். அந்தப் பெயரில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றைக்கு லாரிக்காரர் ஒரு லோடு பெட்டிகளை இறக்கிவிட்டு, ஒன்றின் மூலை நசுங்கியிருப்பதற்குத் தான் பொறுப்பில்லை என்றார். சொல்லி முடிக்கவில்லை. அண்ணன் கைக்குக் கிடைத்த கீபோர்டை எடுத்து அவர் முகத்தின் குறுக்கே அடித்தான். கீபோர்டு இரண்டாக முறிந்தது. லாரிக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். விரலிடுக்கில் ரத்தம் ஒழுகியது. அண்ணன் அவர் சட்டையைப் பிடித்து நிமிர்த்தி, கையில் மிச்சமிருந்த பாதியால் இன்னொன்று போட்டான்.

"ஏண்ணா, மனுஷனா நீ? அவர் வயசென்ன, உன் வயசென்ன?" என்று கத்தினேன்.

லாரிக்காரரை விட்டுவிட்டு என்னிடம் வந்தான். வெளியாள் முன்னால் நான் வாயைத் திறந்தது குற்றம். கன்னத்தோடு காதையும் சேர்த்து ஓங்கி ஒன்று விட்டான். தலை போய் இரும்பு அலமாரியில் மோதியது. நான் அவன் முழங்கையைப் பிடித்துப் பல் பதியக் கடித்தேன். அதற்கும் சேர்த்து இன்னொன்று கிடைத்தது.

தரையைப் பெருக்கியபோது கீபோர்டு பட்டன்களோடு லாரிக்காரரின் பல் ஒன்றும் வந்தது. அம்மா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "முன்னாடிப் பல்லுதான். மெல்றதுக்குக் கஷ்டம் இருக்காது" என்றாள். அம்மா ஆறுதல் சொல்லும் அழகு அவ்வளவுதான். காதுக்குள் கொசு ஒன்று புகுந்துகொண்ட மாதிரி சில நாள் ரீங்காரம் இருந்தது. எங்கள் வீட்டில் அதற்கெல்லாம் யாரும் படுத்துக்கொள்வதில்லை.

என் வேலையைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் பாட்டு கேட்பது பெரிய விஷயமில்லை. இயங்குதளத்தைப் போட்டதும் மேஜை மேல் இருக்கும் ஒற்றை ஸ்பீக்கரில் சத்தம் வந்துவிடும். சத்தத்தை உள்ளே வாங்கிப் பதிவு செய்வதில்தான் சவுண்ட் கார்டுகள் சண்டித்தனம் செய்யும். மைக் வாசல் ஆரம்பத்திலேயே மூடிக் கிடக்கும், நாம் போய்த் திறந்துவிட வேண்டும். திறந்தாலும் சில கார்டுகள் வெறும் இரைச்சலைப் பதிவு செய்து வைத்திருக்கும். எந்த கார்டு ஒழுங்காகப் பதிவு செய்கிறது என்று சோதித்து, அந்த இயங்குதளத்தை உருவாக்கும் குழுவுக்குச் சொல்வது நானாக விரும்பி எடுத்துக்கொண்ட வேலை. சோதனைகளுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லாரும் கறார் என்றுதான் சொல்வார்கள். நேரில் பார்த்ததில்லை. தொலைவில் வேறொரு நகரத்தில் இருந்தார். போனில் அவர் ஒரு தடவைகூடச் சிரித்துக் கேட்டதில்லை.

அந்தக் கறார்தான் ஒரு நாள் சொன்னார்: "இயங்குதளத்தோட அடுத்த வெளியீட்டுக்குப் பதிவுச் சோதனை முழுக்க உங்க பொறுப்பு. ஒழுங்கா முடிச்சீங்கன்னா இங்க சோதனைக்கூடத்துல ஒரு வேலை இருக்கு. சம்பளம் உண்டு. தங்க ஒரு ரூமும் உண்டு."

"ரூமுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கா சார்?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார்.

அந்தத் தாழ்ப்பாளுக்காகத்தான் உயிரைக் கொடுத்து வேலை பார்த்தேன். வேறு எந்த லட்சியமும் எனக்கு இல்லை.

புது லோடு பெட்டிகள் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியவை. பிள்ளைகள் தங்கள் உச்சரிப்பைப் பதிவு செய்து கேட்கும் வகுப்பறைக்கு. நான் சோதிக்கிற முறை எப்போதும் ஒன்றுதான். இரண்டு பக்கமும் வாங்கும் மைக்கை மேஜை நடுவில் வைப்பேன். ஸ்குரூடிரைவர் பிடியால் மேஜையின் இடது ஓரத்தில் தட்டி "இடது" என்பேன். வலது ஓரத்தில் தட்டி "வலது" என்பேன். பிறகு ஹெட்போனை மாட்டிக் கேட்பேன். திரையில் தெரியும் அலைக்கோட்டை நம்பக் கூடாது, காதால்தான் கேட்க வேண்டும் என்பது குழுவின் விதி. ஒரு தடவை யாரோ அலை அழகாக இருக்கிறது என்று ஒரு கார்டைத் தேற்றிவிட்டார்கள். கேட்டுப் பார்த்தால் அது ஃபேன் சத்தமாம். அதிலிருந்து கறார் போட்ட விதி அது.

முதல் பெட்டியில் இடது பக்கம் சத்தம் அமுங்கி வந்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி. அடுத்த பெட்டியிலும் அப்படியே. லோடு முழுக்க ஒரே மாதிரி கார்டு, ஒரே பழுது. மைக்கைத் திருப்பி வைத்தேன். வேறு மைக் போட்டேன். ஒயரை மாற்றினேன். வேறு ஹெட்போன் மாட்டினேன். சவுண்ட் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளின் பழைய பதிப்பைப் போட்டுப் பார்த்தேன். இடது இடதாகவே செத்துக் கிடந்தது. டிரைவர்தான் கெட்டிருக்கிறது என்று முடிவு கட்டி, பதிவு ஃபைலோடு குழுவுக்குப் பழுது அறிக்கை அனுப்பினேன். பெட்டி எதிலும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டவில்லை. பச்சை ஸ்டிக்கர் என்றால் தேறியது என்று பொருள்.

அண்ணன் வந்தான். ஸ்டிக்கர் இல்லாத பெட்டிகளை வரிசையாகப் பார்த்தான்.

"என்ன இது?"

"இடது பக்கம் பதிவாகல. அனுப்பக் கூடாது."

"ஸ்கூல் பசங்களுக்கு ஒரு பக்கம் கேட்டா போதும். ஒட்டுடி."

"ஒட்ட மாட்டேன்."

பக்கத்திலிருந்த மானிட்டரைத் தலைக்கு மேலே தூக்கி என் காலடியில் போட்டான். கண்ணாடித் தூள் முழங்கால் வரை தெறித்துக் குத்தியது. அண்ணி எழுந்து நடுவில் வந்தாள். அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து மேஜையோடு மேஜையாக அழுத்தினான். ஒரு கையில் அவள் தலை, மறு கையில் ஸ்டிக்கர் சுருள்.

"ஒட்டுறியா, இல்ல இவ மூஞ்சியை ஒட்டட்டுமா?"

ஒட்டினேன். ஒவ்வொரு பெட்டியாக ஒட்டினேன். ஒட்டும்போதே இவனைக் கொன்றால் என்ன என்று தோன்றியது. சும்மா தோன்றவில்லை, எந்த ஸ்குரூடிரைவரால் என்பது வரை தோன்றியது. அவன் வெளியே போனதும் அத்தனையையும் பிய்த்து எறிந்தேன்.

அப்போதுதான் கறாரிடமிருந்து போன் வந்தது.

"உங்க பதிவு ஃபைலைப் பார்த்தேன். ரெண்டு பக்க அலையும் சமமா இருக்கே."

"அலையை நம்பாதேன்னு விதி போட்டது நீங்கதானே சார்?"

"நான் கேட்டும் பார்த்தேன். நல்லாத்தான் இருக்கு."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"அப்படிச் சொல்லல. ஆனா இங்க சில பேர் சொல்றாங்க, வேலைக்காகப் பழுதைக் கற்பனை பண்ணி அனுப்புறீங்கன்னு." குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "விதி தெரியுமில்ல? ரெண்டாவது ஆள் ஒருத்தர் அதே கார்டுல கேட்டு உறுதி பண்ணணும். பண்ணினா ஏத்துக்குறேன். இல்லன்னா அறிக்கையைத் தள்ளிட்டு, அந்த வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்."

எனக்கு வந்த கோபத்தில் போனைச் சுவரில் அடித்திருப்பேன். தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது. அண்ணியைக் கூப்பிட்டேன். நெற்றியில் மேஜை விளிம்பின் தடம் சிவந்திருக்க, அவள் வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். எதைக் கவனிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆளைப் பழக்கிச் சொல்லவைக்கக் கூடாது என்பதும் விதிதான்.

"எப்படி இருக்கு அண்ணி?"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா 'இடது'ன்னு சொல்றது மட்டும் ரொம்பச் சன்னமா கேக்குது."

அவளைக் கட்டிப்பிடித்து முத்தமே கொடுத்துவிட்டேன். அதோடு நிற்காமல் அம்மாவையும் உட்காரவைத்தேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். "வலதுன்னு சொன்னே. இன்னொண்ணு என்னமோ முணுமுணுத்தே" என்றாள்.

இரண்டு பேர் போதும் என்றார், நான் மூன்று பேராகக் கொடுத்தேன். மூன்று பேர் உறுதி செய்த பழுது என்று கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினேன். இனிமேல் எவன் என்னைப் பொய்க்காரி என்பான் பார்க்கிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

கறார் உடனே கூப்பிட்டார். "இங்க கூடத்துல இருக்கிற எல்லாரையும் கேக்க வச்சேன். ஒருத்தருக்கும் அப்படி இல்ல. ஒண்ணு பண்ணுங்க. ஹெட்போனைத் திருப்பி மாட்டிக் கேளுங்க."

"வேற ஹெட்போனே மாத்திப் பார்த்துட்டேன் சார்."

"மாத்தச் சொல்லல. திருப்பச் சொன்னேன்."

எரிச்சலோடு திருப்பி மாட்டினேன். இப்போது "இடது" கணீரென்று கேட்டது. "வலது" அமுங்கிப் போனது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அடப்பாவி, இப்போது வலதும் போச்சா என்றுதான் நினைத்தேன். திரும்பத் திரும்ப மாட்டிக் கழற்றினேன். எந்தப் பக்கத்துச் சத்தமாக இருந்தாலும், என் இடது காதில் வந்து விழுந்தால் செத்தது. மைக்கை மாற்றினேன், ஒயரை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன். காதை மாற்றிப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணியிடம் போய் ஹெட்போனைத் திருப்பி மாட்டினேன்.

"இப்ப 'வலது'தான் சன்னமா இருக்கு" என்றாள்.

அம்மாவும் அதையே சொன்னாள்.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மதியச் சாப்பாட்டுக்குப் பட்டறை பெஞ்சில் உட்காரும்போது, இடது ஓரம் யாருக்கு என்று அம்மாவுக்கும் அண்ணிக்கும் தினமும் ஒரு சின்ன யுத்தம் நடக்கும். மாமியார் மருமகள் சண்டை என்று நான் கேலி செய்துகொண்டிருந்தேன். இடது ஓரத்தில் உட்கார்ந்தால்தான் பேசுகிறவர்கள் எல்லாரும் வலது பக்கம் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது, ஏன் என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னதில்லை.

"அண்ணி, அவன் எத்தனை தடவை இப்படி..."

"எண்ணிக்கிட்டா இருந்தேன்?" என்றாள். "கல்யாணமான புதுசுல ஒரு தடவை காதுலேர்ந்து ரத்தம் வந்துச்சு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் ஏதோ துணி வச்சு அடைச்ச மாதிரியே இருக்கு."

அம்மா பிரஷ்ஷைக் கீழே வைக்கவே இல்லை. "எனக்கு உங்கப்பன் கை. உங்கண்ணனுக்கு அப்பப் பால்பல்லு. வயசானா ஒரு பக்கம் கேக்காதுன்னு நினைச்சுட்டேன்." பிரஷ்ஷால் இன்னொரு தடவை தட்டிவிட்டு, "அப்ப எனக்கு என்ன வயசுன்னு யோசிக்கல" என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. கணக்குத்தான் போட்டேன். வலது கைக்காரன் எதிரே நின்று அறைந்தால் இடது காதில்தான் விழும். அப்பா வலது கைக்காரர். அண்ணனும் வலது கைக்காரன். மூன்று பேர் உறுதி செய்த பழுது, அறிக்கையில் ஒரு எழுத்துப் பிசகில்லை. கார்டின் பெயரைத்தான் தப்பாகப் போட்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் உள்ளே வந்தான். பின்னாலேயே வேறொரு லாரி வந்து நின்றது. பழைய லாரிக்காரர் எங்கள் தெருப் பக்கமே வருவதில்லை. தரையெல்லாம் பச்சை ஸ்டிக்கர் கிடந்தது.

"பிச்சுட்டியா?" என்றபடி சட்டைக் கையை மடித்தான்.

"இரு. நீயே கேட்டுப் பாரு. நீ சொல்றபடி செய்றேன்" என்று ஹெட்போனை நீட்டினேன்.

என்ன நினைத்தானோ, மாட்டிக்கொண்டான். பதிவை ஓட்டினேன். அவன் தலை மெல்ல ஆடியது.

"ரெண்டு பக்கமும் கணீர்னு கேக்குது. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?"

அந்த வீட்டில் இரண்டு காதும் கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

"பெட்டியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. நானே ஒட்டி அனுப்புறேன்" என்றேன். "கேடு பெட்டியில இல்ல. எங்க காதுல. எனக்கு இடது காது போச்சு, நீ அடிச்சது. அண்ணிக்குப் போச்சு, நீ அடிச்சது. அம்மாவுக்கு அப்பா அடிச்சது. உன் கையால வந்த பழுதுலதான் உன் சரக்கு இத்தனை நாள் நின்னு கிடந்துச்சு, தெரியுமா?"

லாரி ஓட்டுகிறவன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அது போதும் அண்ணனுக்கு. ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். என் கழுத்தைப் பிடித்து அலமாரியோடு சேர்த்து நிறுத்தினான். வலது கை மேலே போனது.

அது கீழே வரவில்லை. அண்ணி கையில் சூடான சால்டரிங் அயர்ன் இருந்தது. அதை அவன் உள்ளங்கை நடுவில் வைத்து அழுத்தினாள். அவசரப்படவில்லை. ஜாக்கைப் பற்றவைக்கும்போது எவ்வளவு நேரம் பிடிப்பாளோ அவ்வளவு நேரம் பிடித்தாள். தோல் கருகும் வாடை வந்தது. அண்ணன் அலறிய அலறல் எனக்கு ஒரு காதில்தான் கேட்டது, அதுவே காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது என்றால் என்னைத் தப்பாக நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை.

அம்மா அலுமினியக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். தண்ணீரோடு. அவனுக்காகத்தான். பெற்றவள் அல்லவா. மகன் கையை இழுத்துப் பிடித்து ஊற்றப் போனாள்.

அவன் அம்மாவைத் தோளால் இடித்துத் தள்ளினான். அயர்னைத் தட்டிவிட்டான். அண்ணி வயிற்றில் ஒரு உதை விட்டான், அவள் பெட்டிகளுக்கு நடுவே சுருண்டு விழுந்தாள். பிறகு என்னிடம் திரும்பினான். வெந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு இடது கையை ஓங்கினான். இடது கை விழப்போவது என் வலது காதில். எனக்கு மிச்சமிருந்த காது. கறாரின் சோதனைக்கூடமும், அந்த அறையும், அதன் தாழ்ப்பாளும் அந்தக் காதில்தான் இருந்தன. கையால் காதை மூடிக்கொண்டு குனிந்தேன்.

டங் என்று கேட்டது. என் தலை என்று நினைத்தேன். நிமிர்ந்தால் அண்ணன் முழங்காலிட்டிருந்தான். தலைமுடியிலிருந்து தண்ணீரும் ரத்தமும் வழிந்தன. அம்மா நசுங்கிய குடத்தை இரண்டாவது தடவை ஓங்கியிருந்தாள்.

"ஒரு காதையாவது விட்டு வைடா!" என்று கத்தினாள். "ஒரு காதையாவது விட்டு வைடா, பாவி!"

இரண்டாவது அடியும் விழுந்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்தான். மூன்றாவதை நான்தான் பிடித்து நிறுத்தினேன். அவன்மேல் இரக்கப்பட்டு இல்லை. அம்மா ஜெயிலுக்குப் போவதை நான் விரும்பவில்லை. லாரி ஓட்டுகிறவன் எப்போதோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருந்தான்.

அண்ணன் மூச்சு விடுகிறானா என்று அண்ணி குனிந்து பார்த்தாள். விட்டான், முனகவும் செய்தான். ஆஸ்பத்திரி வண்டிக்கு போன் செய்துவிட்டு, கலைந்த முடியை முடிந்துகொண்டு, துணிப்பையோடு வந்தாள். அந்தப் பை மேஜைக்கு அடியில் எப்போதிலிருந்து தயாராக இருந்தது என்று நான் கேட்கவில்லை. வண்டிக்காரர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு போனதும் பட்டறைக் கதவைப் பூட்டினோம்.

காது டாக்டரைப் பார்க்கப் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். தெருவில் எங்களைப் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். மூன்று பேருக்கும் மற்ற இரண்டு பேர் வலது பக்கம் இருந்தாக வேண்டும். நான் அண்ணியின் இடப்பக்கம் போவேன். அம்மா என் இடப்பக்கம் வருவாள். அண்ணி சுற்றிக்கொண்டு அம்மாவின் இடப்பக்கம் போவாள். இப்படியே நகர்ந்து நகர்ந்து சாக்கடை ஓரத்துக்கே போய்விட்டோம்.

போன் அடித்தது. வலது காதில் வைத்தேன்.

"திருப்பிக் கேட்டீங்களா?" என்றார் கறார்.

"கேட்டேன் சார். கார்டுல பழுதில்ல. எங்க மூணு பேருக்கும் இடது காது கேக்காது. அடி வாங்கினது. அறிக்கையைத் தள்ளிடுங்க."

"இந்த வேலைக்கு ரெண்டு காது வேணுமே" என்றார். குரல் கறாராக இல்லை.

"மூணா கொண்டுவந்தா ஏத்துக்குவீங்களா? ஆளுக்கு ஒண்ணு மிச்சமிருக்கு."

"ரூம் ஒருத்தருக்குத்தான் இருக்கு."

"பரவாயில்ல. ஒட்டிப் படுத்துக்குறோம்."

"கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அது ஆமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

பஸ் நிறுத்தம் வரை இன்னும் தூரம் இருந்தது. அண்ணி மறுபடியும் சுற்றிக்கொண்டு வந்தாள், நான் மறுபடியும் நகர்ந்தேன். அம்மா சட்டென்று நின்றாள். எங்கள் இருவரையும் தன் இடப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, வலது ஓரத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்தாள்.

"அங்க போனா உனக்கு ஒண்ணும் கேக்காதேம்மா" என்றேன் சத்தமாக.

"நான் கேக்க வேண்டியதெல்லாம் கேட்டாச்சு" என்றாள் அம்மா. "நீங்க பேசிக்கிட்டு வாங்க."